பாதிச் சுற்று

சந்தையில் மீன் கழுவிய தண்ணீர் செருப்பை நனைத்தபோதுதான் அவள் நின்றாள்.

எதிரே சகாயமேரி. அரிவாள்மனைக்கு முன்னால் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலில் வெள்ளைக் கட்டு. ஈரம் படாமல் அதன் மேல் ஒரு பாலிதீன் பை.

"நடக்க வரவே இல்லையேக்கா?"

கேட்ட பிறகுதான் காலைப் பார்த்தாள்.

விளையாட்டு மையம் திறந்து மூன்று மாதம். அதை வரைந்த கட்டடக் கலைஞர் அவள்தான். உள்ளே பந்தாடும் கூடம், வெளியே சுற்றிலும் சிவப்பு நடைபாதை. ஒரு சுற்று நானூறு மீட்டர். அந்த வளைவைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன.

கட்டுவதற்கு முன், கடற்கரைத் தெருப் பெண்களைக் கூட்டி என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாள். முதலில் வாய் திறந்தவள் சகாயமேரிதான்.

"சக்கரைக்கு நடக்கச் சொல்லுதாரு டாக்டரு. நடுவுல உக்கார ஒரு திண்டு போட்டாப் போதும். மூச்சு வாங்கிட்டு எந்திரிச்சிருவேன்."

"உட்கார வைக்கவாக்கா கட்டுறோம்? நடக்க வைக்கத்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். சகாயமேரியும்.

வரைபடத்தில் அதற்கு முன்பே ஆறு திண்டுகள் இருந்தன. மறுநாள் அவளே அழித்தாள். இடம் இருந்தால் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். அழித்த பிறகு வளைவு இன்னும் அழகாக இருந்தது.

அதுவும் ஒரு காரணம்.

"வந்தேன் தாயி. மொத நாளே வந்தேன்." சகாயமேரி சீலா மீனின் தலையை அரிந்து தள்ளினாள். "பாதிச் சுத்துல காலு மரத்துப் போச்சு. முன்னால போனாலும் அம்புட்டுத் தூரம், திரும்புனாலும் அம்புட்டுத் தூரம். அங்கனயே தரையில உக்காந்துட்டேன். வாட்ச்மேன் எந்திரிக்கச் சொன்னாரு. பெறகு வரல."

"கால்ல என்னக்கா?"

"புண்ணு. தெரியவே இல்ல. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. இனி ரொம்ப நடக்கக் கூடாதாம்."

அழித்த ஆறு திண்டுகளையும் திரும்பப் போட நேற்றுத்தான் அனுமதி வாங்கியிருந்தாள். அதைச் சொல்லத்தான் சந்தைக்கு வந்தாள்.



"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"நீ என்ன செய்வ? எனக்குத்தான் தெம்பில்ல."

சகாயமேரி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா இருக்காகளா?"

"இருக்காங்க."

"என்ன வயசு?"

"அறுபத்திரண்டு."

"கூட்டிட்டுப் போ. காலு நல்லாருக்கையிலயே நடக்கட்டும். நல்ல எடம் தாயி அது."