இறங்காத எண்

"இன்னும் குடிச்சிக்கினுதான் கீறாரு டாக்டர். கேட்டா என் தலையில அடிச்சி சத்தியம் பண்றாரு. இதுவரைக்கும் அடிச்ச சத்தியத்துக்கு எனக்கு மண்டையே வீங்கியிருக்கணும்," என்றாள் கங்கா.

பக்கத்தில் அவள் கணவன் எழிலரசன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வெல்டிங் வேலை. எட்டு மாதத்துக்கு முன் அங்கே நடந்த மருத்துவ முகாமில்தான் ஈரல் கெட்டிருப்பது தெரிந்தது. அன்றோடு குடியை விட்டுவிட்டதாக இன்றும் சொன்னான்.

கங்கா நம்பவில்லை. ஈரல் சிதையும்போது அதிலிருக்கும் என்சைம்கள் ரத்தத்தில் கலந்துவிடும் என்று முகாமிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த என்சைம் அளவைக் காட்டும் எண் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஏறிக்கொண்டே போனது.

டாக்டர் ஸ்கேனையும் பார்த்தார். ஈரல் பெருத்து, விலாவுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

"குடியால ஏறினா இந்த என்சைம் பெரும்பாலும் முந்நூறைத் தாண்டாதும்மா. இவருக்கு ரெண்டாயிரம். வேற ஏதோ ஒண்ணு தினமும் உள்ள போயிட்டிருக்கு," என்றவர், எழிலரசனிடம் திரும்பினார். "நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது சாப்பிடறீங்களா?"

கங்காவின் முகம் வெளுத்தது. அவள் வாய் திறப்பதற்குள் எழிலரசன், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றான்.

மருந்தால் மீட்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். மாற்று ஈரல் கிடைத்தால் உண்டு, ஆனால் அதுவரை உடம்பு தாங்காது என்று தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார்.

வெளியே, படப்பைக்குப் போகும் ஷேர் ஆட்டோக்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கங்கா எதையும் நிறுத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம் என்று மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ். முகாமுக்குப் பிறகு அவள் தபாலில் வரவழைத்த பொடி. இரண்டு வேளையும் அதை அவன் குழம்பில் கலந்தது. எண் ஏற ஏற, திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று நினைத்து ஒவ்வொரு ஸ்பூனாகக் கூட்டியது.

"நானே உன்ன கொன்னுட்டேன்யா," என்று அவன் காலடியில் சரிந்தாள்.

எழிலரசன் அவளைத் தூக்கி நிறுத்தி, முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துவிட்டான்.

"தெரியும் கங்கா. அந்தக் கொழம்ப நான் துன்னு முடிச்சப்புறந்தான் நீ நிம்மதியா தூங்குன."