தொட்டால் அணையும் திரை

"ஐயோ, அந்தப் பொண்ணுகிட்டயா லேப்டாப்பைக் குடுக்கப் போறீங்க? இருக்கிற உசுரும் போயிடும்மா!"

கசூலேயின் குரல் அந்தக் கம்பாலா கடைவளாகத்தின் மாடி முழுக்கக் கேட்டது. போன் கவர் விற்கிறவன், சிம் கார்டு விற்கிறவள், படியேறி வந்துகொண்டிருந்த பைக் டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நந்துஜ்ஜாவுக்குக் காது சூடேறியது.

எதிர்க்கடைக்காரர். லேப்டாப் ரிப்பேரில் ஊரறிந்த ஆள். அவளும் அதே ரிப்பேர்க் கடை போட்ட நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு வாய் திறந்தவர் இப்படியா திறக்க வேண்டும்?

ஏற்கெனவே கடை ஈயடித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "ரிப்பேர் பண்றவர் எங்கேம்மா?" என்பார்கள். "நான்தான்" என்றால், "அப்புறம் வரேன்" என்று நழுவுவார்கள். இந்த மாதத்தோடு மூடிவிட்டு, அக்காவின் கடையில் தலை பின்னப் போய்விடலாம் என்று முடிவே செய்திருந்தாள்.

"நீங்க உட்காருங்கக்கா. என்ன கோளாறு?" என்றாள் வந்தவளிடம்.

செராபினா மார்போடு அணைத்து வந்த பழைய லேப்டாப்பை மேசையில் வைத்தாள்.

"ஸ்கூலுக்குக் கேள்வித்தாள் அடிச்சுக் குடுக்கிறேன் தங்கச்சி. அடிச்சுக்கிட்டே இருப்பேன், பொசுக்குன்னு திரை கறுத்துடும். கொஞ்ச நேரத்துல தானா வரும். மறுபடியும் போயிடும். திரையை மாத்தியாச்சு, வயரை மாத்தியாச்சு. நாளைக்குத் தாள் குடுக்கணும்!"

கசூலே தன் நாற்காலியை நடுவழியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இதை மட்டும் இவ சரி பண்ணிட்டா, நான் கடையைப் பூட்டிட்டுக் கீழே போய்ச் சப்பாத்தியில முட்டை சுருட்டுறேன்!"

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் கலையாமல் நின்றது.

நந்துஜ்ஜா பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். மூடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். திரை அணையவில்லை. ஓரங்களை அழுத்திப் பார்த்தாள். வேறொரு திரையில் இணைத்துப் பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது. சூடேறினால் அணையுமோ என்று ஒரு கால்பந்து ஆட்டத்தை ஓடவிட்டாள். ஆட்டமே முடிந்துவிட்டது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நல்லாத்தானே இருக்கு? நீங்களே அடிச்சுப் பாருங்கக்கா."

செராபினா நாற்காலியை இழுத்துப்போட்டு இரண்டு வரி அடித்தாள்.

திரை கறுத்தது.

"பார்த்தீங்களா!" கசூலே தொடையைத் தட்டினார். "இவ தொட்டா எரியுது, அந்தம்மா தொட்டா அணையுது! பேய் ஓட்டுறவனைக் கூப்பிடுங்கப்பா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செராபினாவின் கண் கலங்கிவிட்டது.

நந்துஜ்ஜா சிரிக்கவில்லை. அவர் கேலியாகச் சொன்னதுதான் அவள் மண்டையில் தைத்தது. நான் தொட்டால் எரிகிறது. இந்த அக்கா தொட்டால் அணைகிறது. அப்படியென்றால் கோளாறு லேப்டாப்பில் இல்லையே!

"அக்கா, இன்னொரு வரி அடிங்க. மெதுவா."

இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. செராபினாவின் கைகளைப் பார்த்தாள். இடது மணிக்கட்டு லேப்டாப்பின் ஓரத்தில் படிந்ததும் திரை போனது.

"கையில என்னக்கா அது?"

"இதுவா? அடிச்சு அடிச்சு மணிக்கட்டு வலி. காந்த வளையல் போட்டா வலி போகும்னு சந்தையில ஒருத்தன் குடுத்தான்."

"எப்போலேர்ந்து போட்டிருக்கீங்க?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"திரை போக ஆரம்பிச்சது?"

செராபினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஈஸ்டருக்கு அப்புறம்தான்!"

நந்துஜ்ஜா வளையலைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "இப்போ அடிங்க."

செராபினா ஒரு பக்கம் முழுக்க அடித்தாள். திரை அணையவில்லை. நந்துஜ்ஜா வளையலைக் கிட்டே கொண்டுபோனாள். அணைந்தது. எடுத்தாள். எரிந்தது.

"மூடியில ஒரு சின்ன காந்தம் இருக்கு. மூடினதும் அது கீழே வர்றதை வச்சுத்தான் திரை தானா அணையும். வளையல் கிட்டே வந்ததும் மூடியைச் சாத்திட்டாங்கன்னு நினைச்சுக்குது, பாவம்!"

"வெபாலே! வெபாலே!" கூட்டம் தங்கள் மொழியில் சபாஷ் சொல்லிக் கைதட்டியது. ஆளுக்கொரு தடவை வளையலைக் காட்டித் திரையை அணைத்துப் பார்க்க முண்டியடித்தார்கள்.

நந்துஜ்ஜா இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கசூலே அண்ணே, மாவு பிசையத் தெரியுமா?"

அவ்வளவுதான். பைக் டாக்ஸிக்காரர்கள் கசூலேயை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கீழே சப்பாத்திக்காரன் தன் ஏப்ரனை அவிழ்த்து அவருக்குக் கட்டிவிட்டான். முதல் முட்டை கல்லில் விழாமல் அவர் சட்டையில் விழ, வளாகமே கூச்சல் போட்டது.

நந்துஜ்ஜாவுக்கு அதை முழுசாக ரசிக்க நேரமில்லை. "என்னோடதுல கோடு கோடா வருதும்மா", "என்னுது பச்சையாத் தெரியுது" என்று மேசையில் லேப்டாப்கள் குவிந்துகொண்டிருந்தன.

"நல்லா வேணும் அந்தாளுக்கு!" என்றாள்.

கிளம்பிய செராபினா அவள் காதருகே குனிந்தாள்.

"அவரைத் திட்டாதே தங்கச்சி. நான் முதல்ல அவர்கிட்டதான் போனேன். 'எனக்குப் பிடிபடலை, எதிர்க்கடைப் பொண்ணு கண்டுபிடிச்சுடும்'னு அனுப்பினதே அவர்தான்."

"அப்புறம் எதுக்குக்கா அப்படிக் கத்தினாரு?"

"கேலி பண்ணிக் கத்தப் போறேன்னு அனுப்புறப்பவே சொன்னாரு. எதுக்குன்னு நானும் கேட்டேன். 'கெட்டிக்காரப் பொண்ணும்மா. ஆனா பொம்பளை கடைன்னு ஒருத்தனும் நிக்க மாட்டேங்கிறான். நான் தொண்டை கிழியக் கேலி பண்ணினாத்தான் ஊரே வந்து நின்னு பார்க்கும்'னாரு."