மருதமுத்து பூட்டிய பெட்டி

“இன்னைக்கும் அந்த ஆளு பெட்டியைத் தொட விடலையா?”

தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள் வெண்மதி.

“எங்க விட்டாரு!” என்றான் வளவன். “கார்பன் ராடைக் கையில எடுத்ததுமே, ‘நீ அந்தாண்ட போடா’ன்னு ஷெட்டை விட்டே துரத்திடுறாரு. வேலை முடிஞ்சதும் மிச்ச ராடைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுறாரு. சாவி அவரு இடுப்புல.”

மந்தாரக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்டர் ஷெட்டில் வளவன் வெல்டர். சுரங்கத்து மெஷின்களின் தேய்ந்துபோன வாளிகள் அங்கே பழுதுபார்க்க வரும். புது இரும்பை வைத்து ஒட்டுவதற்கு முன்னால், பழைய வெல்டிங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். கார்பன் ராடால் இரும்பை உருக்கி, காற்றைப் பீய்ச்சி ஊதித் தள்ளுவார்கள். கவுஜிங் என்று பெயர். அது தெரிந்தவர் அந்த ஷெட்டில் ஒரே ஆள், மருதமுத்து.

அடுத்த மாதம் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு. வெல்டிங் மட்டும் தெரிந்தவர்கள் தலைதான் முதலில் உருளும். குழந்தை இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. வெண்மதிக்குச் சோறு இறங்கவில்லை.

“மருமவனைக் கொண்டாந்து வைக்கிறதுக்குத்தான் பூட்டி வச்சிகினு இருக்காரு. இதுகூடவா புரியல?” என்றாள், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக் கனகம். “கான்வென்ட்ல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?”

வெண்மதிக்கும் அந்த மனிதரை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. சந்தையில் பார்த்து, “அண்ணே, வணக்கம்” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பக்கூட இல்லை. அவ்வளவு மிதப்பு. ஓடிப்போய் முன்னால் நின்று பேசினால், கண்ணைப் பார்க்காமல் அவள் வாயையே பார்த்தார். வைத்த கண் வாங்காமல். கூசிப்போய்த் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். வளவனிடம் அதைச் சொல்லவும் பயம்.

பேச்சாவது நேராக இருக்கிறதா? நல்லா இருக்கியாம்மா என்பதையே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அதட்டிக் கேட்பார்.

மறுநாள் வளவன் கிளம்பிய பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் சிங்காரவேலுவிடம் போய் நின்றாள்.

“சார், ஒருத்தரே எல்லாத்தையும் கையில வச்சிக்கிட்டா மத்தவங்க எப்படி சார் முன்னுக்கு வர்றது? நாளைக்கு அவருக்கு ஒரு காய்ச்சல்னா நிக்கப் போறது உங்க வேலைதானே?”

பாதியை இங்கிலீஷில் சொன்னாள். கான்வென்ட் படிப்பு கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

“நியாயம்தாம்மா” என்றார் சிங்காரவேலு.

மருதமுத்துவிடம் சாவியை வாங்கிக்கொண்டு, அவரை வெளி வேலைக்கு அனுப்பிவிட்டார். பக்கத்து ஷெட்டிலிருந்து ஒருவரை வரவழைத்து வளவனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் வளவன் வந்தபோது முகமெல்லாம் கரி. பல் மட்டும்தான் வெள்ளை.

“கத்துக்கிட்டேன் வெண்மதி! ராடு பட்ட உடனே இரும்பு அப்படியே நெருப்பா பறக்குது. இனிமே என்னை யாரும் அசைக்க முடியாது!”

“மெதுவா பேசுங்க, பாப்பா தூங்குறா.”

“ஆங்?”

“மெதுவான்னேன்!”

“காதுக்குள்ள கொய்ய்னு இருக்கு. விடு, குளிச்சா சரியாப் போயிடும்.”

அவன் குளிக்கப் போன கொஞ்ச நேரத்தில், வாசல் கிரில்லை யாரோ தடதடவென்று ஆட்டினார்கள்.

மருதமுத்து! கையில் ஒரு பை.

சண்டைக்கு வந்துவிட்டார். வெண்மதி தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. சத்தத்தில் விழித்துக்கொண்ட குழந்தை வீறிட்டது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வந்து கிரில்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

“சூப்பர்வைசராண்ட போயி சொன்னது நீதானாமே?” தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

“ஆமாங்க, நான்தான். அதுல என்ன தப்பு?”

மறுபடியும் அதே பார்வை. அவள் வாயையே பார்த்தார்.

“தப்புன்னு யாரு சொன்னா? புள்ளைய வச்சிகினு பயந்து போயி கேட்ட. நானா இருந்தாலும் கேப்பேன்.”

பைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். பெரிய ஹெட்ஃபோன் மாதிரி ஒரு காதுமூடி. கிரில் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்.

“ஷெட்டுக்கே இது ஒன்னுதான். இன்னொன்னு வாங்கிக் குடுங்கன்னு நானும் கேட்டுகினே கெடக்கறேன். வரட்டும், அப்பறம் உம் வூட்டுக்காரன ராடைத் தொட விடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க. இத மாட்டாம அவன் ராடைத் தொடக் கூடாது. சொல்லிடு.”

வெண்மதி தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள்.

“அப்ப... உங்களுக்கு?”

“எனக்கு இனிமே எதுக்கும்மா?”

வேலையைப் பிடுங்கிக்கொண்டதைக் குத்திக் காட்டுகிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை அலறுகிற அலறலில், என்னவோ ஏதோ என்று கனகமே வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

மருதமுத்து குழந்தையின் முதுகைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. முதல் தடவையாகத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புள்ள நல்லா அசந்து தூங்குது போல. எழுப்பிடாதம்மா... நான் சத்தம் போடாம போயிடறேன்.”