காக்கையம்மாவின் தலைக்குள் இரண்டு குரல்கள்

விதை போடாமல் முளைக்கும், வெயில் படாமல் வளரும், கண்ணுக்குத் தெரியாது. அது என்ன? விடை வயதான ஒரு காக்கையம்மாவின் தலைக்குள் இருக்கிறது.

காக்கையம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. ஒளித்துவைத்த இரை எங்கே என்று தெரியவில்லை. ஒருநாள் கடைக்குட்டி மகன் கரியனின் பெயரும் நினைவுக்கு வரவில்லை. கரியன் பயந்துபோனான். "நீ அசையாம உட்காரும்மா" என்று கூட்டுக்கே இட்லி கொண்டுவந்து ஊட்டத் தொடங்கினான்.

ஒரு மத்தியானம் அவன் அம்மாவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"அண்ணே, நான் புதுசா முளைச்ச மூளைச் செல். அந்தப் பையன் பேரை நான்தான் பிடிச்சு வைக்கணும். கொஞ்சம் ரத்தம் அனுப்புங்க, வாடிப்போறேன்."

"நான் கிழட்டு ரத்தக்குழாய், தம்பி. இவ சிறகடிச்சாத்தான் விரிவேன், உன் பக்கம் கிளையும் விடுவேன். மகராசன் இவளை அசையவே விடலையே."

"அப்போ ஊட்டி ஊட்டியே என்னைச் சாகடிக்கிறானா?"

"திட்டாதே. பாசக்காரப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்?"

மறுநாள் காலையில் காக்கையம்மா வாயைத் திறந்து காத்திருந்தாள். கரியன் இட்லித் துண்டோடு எதிர் மரத்தில் போய் உட்கார்ந்தான்.