குட்டி முதலாளி

"எம் மவனுக்கு ஒரே ஒரு வேஷம் குடுங்க சார். வேற எதுவும் கேக்கமாட்டேன்."

தொலைக்காட்சி நிலையத்தில், தயாரிப்பாளர் இராமசாமிக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் காதர் மைதீன். சிராங்கூன் ரோட்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். சட்டை மடிப்பு கலையக்கூடாதென்று டாக்சி பிடித்து வந்திருந்தார், பாவம்.

ஐந்து வருடங்களுக்கு முன், சிங்கப்பூருக்கு டிவி வந்த புதிதில், அவர் மகன் யாக்கூப்தான் நகைச்சுவை நிகழ்ச்சியில் வரும் 'குட்டி முதலாளி'. ஒன்பது வயதுப் பொடியன் ஒட்டு மீசையோடு வந்து நின்றால் போதும், சமூக மன்றத்தில் டிவி பார்க்கக் கூடிய சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நிகழ்ச்சி முடியும்வரை காதர் மைதீன் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகனைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பிறகு பையனுக்கு மகரக்கட்டு உடைந்தது, குரல் கட்டையானது. அதன்பின் யாரும் அவனை நடிக்கக் கூப்பிடவில்லை.

"ஊரே அவன மறந்துருச்சு சார். வாயத் திறந்து ஒண்ணும் சொல்றதில்ல. கடைக்கு வர்றான், கிளாஸ் கழுவுறான், போறான். பெத்த மனசு தாங்கல லா."

"புதுசா ஒரு காமெடி நாடகம் போடுறோம். ஆனா பாய், யாக்கூப் எப்படி நடிப்பான்னே எனக்கு மறந்துபோச்சு."

காதர் மைதீனுக்குச் சுருக்கென்றது. "என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க! சூடு தேத்தண்ணி சீன் ஞாபகமில்ல?"

எழுந்தே விட்டார். இல்லாத கிளாஸைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தார். வாய் வெந்துபோனது. எதிரே வாடிக்கையாளர், துப்பினால் முதலாளிக்குக் கௌரவக் குறைச்சல். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, ஒரு கால் தானாகத் தரையைத் தேய்த்தது. எப்படியோ விழுங்கிவிட்டு, கம்பீரமாகச் சொன்னார்: "சீனி கொஞ்சம் கம்மி."

இராமசாமி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து அறை டைப்பிஸ்ட் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். காதர் மைதீன் வெட்கத்தோடு உட்கார்ந்தார்.

"அவன் செஞ்சா இன்னும் நல்லாருக்கும் சார். நான் என்னத்தக் கண்டேன்?"

இராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன வாரமே யாக்கூப் இங்க வந்துட்டுப் போனான் பாய்."

"எங்கிட்ட மூச்சு விடலையே! வேஷம் கேட்டானா சார்?"

"கேட்டான், உங்களுக்கு! 'எனக்கு நடிப்பு வராது சார். கேமராவுக்குப் பின்னாடி வாப்பா செஞ்சதத்தான் பாத்துப் பாத்துச் செஞ்சேன். எனக்காக உங்ககிட்ட வருவாங்க, அப்ப செஞ்சு காட்டச் சொல்லுங்க'ன்னான். பாத்துட்டேன், செவ்வாக்கிழமை ஒத்திகைக்கு வந்துருங்க."