தறிக்காரருக்கு மட்டும் முடிச்சு

"கையை உள்ள வெச்சுக்கோங்க, மொதலியாரே."

சவரக்கடைப் பரசுராமன் வெள்ளைத் துணியை வீரபாகுவின் கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்தினான். கைகள் இரண்டும் துணிக்குள் போனதும், முனைகளை நாற்காலிக்குப் பின்னால் இழுத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டான்.

வீரபாகுவுக்குச் சுர்ரென்று ஏறியது. இதைக் கேட்கத்தானே இன்றைக்கு வந்ததே! முகத்தில் ஒரு நாள் தாடிகூடச் சரியாக இல்லை.

சற்று முன்னால் இதே நாற்காலியில் செவிலிமேட்டு சீனிவாசன் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் குமாஸ்தா. அவருக்குத் தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மனுஷன் டிரான்சிஸ்டரைத் தொடையில் வைத்துத் திருகிக்கொண்டே ஜம்மென்று சவரம் செய்துகொண்டு போனார். திருப்புட்குழியிலிருந்து வருகிற விவசாயிக்கும் அப்படித்தான். தன்னைப்போலப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன் உட்கார்ந்தால் மட்டும் கட்டு!

"ஏன்பா பரசுராமா, எங்களைப் பார்த்தா இன்னா, கொம்பு மாடாட்டம் இருக்குதா?"

"ஐயையோ, இன்னா பேச்சுங்க இது!"

"அப்புறம் எதுக்கு எங்களை மட்டும் கட்டிப் போடறே?"

"அது... பழக்கமாயிடுச்சுங்க."

"பழக்கமாம் பழக்கம்! எதிர்ல டீக்கடையில மயில்வாகனமும் நாலு தறிக்காரங்களும் குந்திக்கினு இருக்காங்க, பார்த்தியா? நான் போய்ச் சொல்றதுதான் தெருவுக்கே பேச்சு. ஒழுங்கா காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா நாளையிலேர்ந்து ஒரு தறிக்காரன் உன் கடைப்படி ஏற மாட்டான்."

சும்மா மிரட்டல் இல்லை. வீரபாகு ஒரு வார்த்தை சொன்னால் தெருவில் மறு வார்த்தை கிடையாது. நாணயஸ்தன் என்று எடுத்த பேர் அப்படி.

பரசுராமன் முகம் வெளுத்துப்போயிற்று. கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தறிக்காரர்கள். அவர்கள் நின்றுவிட்டால் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை, அழுத்தக்காரன்! நுரையைத் தடவினான். கத்தியைத் தோல் வாரில் நாலு இழுப்பு தீட்டினான். கன்னத்தில் வைத்தான்.

"கேக்கறது காதுல வுழலையா? அவுத்து வுடு முடிச்சை!"

வீரபாகு போட்ட சத்தத்தில் பரசுராமன் கத்தியைக் கன்னத்திலிருந்து வெடுக்கென்று எடுத்தான். நுரை பட்ட பிடி வழுக்கி, கத்தி நாற்காலியின் வலது பக்கமாக விழுந்தது.

எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். துணிக்குள் வீரபாகுவின் வலது கை அந்தப் பக்கமாகப் பாய்ந்தது. தோள்பட்டை வெட்டி இழுக்க, நாற்காலியே ஒரு ஆட்டம் ஆடிற்று. முடிச்சு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கத்தி சிமெண்ட் தரையில் 'ணங்'கென்று விழுந்து, துள்ளி, அடங்கியது.

பரசுராமன் உடனே குனியவில்லை. இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றான். கத்தி அசையாமல் கிடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பிடியைத் தொட்டு எடுத்து, மடக்கி, தனியாக வைத்தான்.

"விழற கத்தியை விழ வுட்டுடணுங்க. காலை இழுத்துக்கணும், கையை நீட்டக் கூடாது. எங்க தொழில்ல மொத பாடமே அதான்" என்றான். "மத்தவங்க கத்தி விழுந்தா பயந்து கையை இழுத்துக்குவாங்க. இப்ப உங்க கை எங்க போச்சு, பார்த்தீங்களா?"

வீரபாகு குனிந்து பார்த்தார். துணிக்குள் அந்தக் கை இன்னும் விரல்களை விரித்தபடி விறைத்து நின்றது.

தறியில் குறுக்கு இழையை ஓட்டுகிற நாடாக்கட்டை நழுவினால் கை இப்படித்தான் பாயும். அது தரையில் விழுந்தால் பட்டு இழை அறும், அழுக்கு ஏறும். பத்து வயதிலிருந்து நழுவின நாடாவைத் தாங்கிப் பிடித்தே பழகின கை. விழுவது நாடாவா கத்தியா என்று அதற்கென்ன தெரியும்?

"என் மாமன் கடையில ஒரு தறிக்காரர் இப்படித்தாங்க எட்டிப் புடிச்சாரு. அப்புறம் அந்தக் கை நாடாவைத் தொடவே இல்லை."

வீரபாகு துணிக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தார். வீட்டுத் தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நிற்கிறது. பெண் வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

"அடப்பாவி! இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"எப்படிங்க சொல்றது? 'என் கையிலேர்ந்து கத்தி நழுவலாம், அதான் கட்டறேன்'னு சொன்னா எவன் கழுத்தை நீட்டுவான்? திமிர் புடிச்சவன்னு பேர் வந்தா வந்துட்டுப் போவட்டும். உங்க விரல் பத்தும் பத்தா இருக்குதே, அது போதுங்க."

இந்த மனுஷனைப் போய் என்னென்ன பேசிவிட்டோம் என்று வீரபாகுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பரசுராமன் வேறு கத்தி எடுத்து மீதிக் கன்னத்தை முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் டீக்கடையிலிருந்து மயில்வாகனம் ஓடி வந்தான். பின்னாலேயே மற்ற நாலு பேரும்.

"இன்னாண்ணே ஆச்சு? காரணம் சொன்னானா? நாளையிலேர்ந்து கடையை ஒதுக்கி வெச்சுடலாமா?"

வீரபாகு கடையைத் திரும்பிப் பார்த்தார்; நிஜத்தைச் சொன்னால் அங்கே எவன் கழுத்தை நீட்டுவான்?

"அவன் மேல ஒரு தப்பும் இல்லைப்பா. போன வருஷம் நான்தான் அவனோட சீப்பை எடுத்து மடியில சொருவிக்கினு வந்துட்டேன். அதுலேர்ந்துதான் தறிக்காரங்களைக் கட்டறான். கட்டட்டும், வுடு. நீ போய் உக்காரு."