வட்டம் சொன்ன யோசனை

பணகுடி மாவுக்கடையின் வெப்சைட், தான் குடியிருக்க ஒரு சர்வர் தேடியது. மதுரையில் ஒன்று இருந்தது. கடல் தாண்டி, பனி கொட்டுகிற தேசத்தில் இன்னொன்று இருந்தது. எங்கே போகலாம் என்று, வெப்சைட் வந்து சேரும்வரை செல்போன் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்திடம் கேட்டது.

"ஃபாரின்ல இருந்தா அது ஒரு மரியாதைல்லா" என்றது வட்டம்.

வெப்சைட் பனி தேசத்துக்குக் குடிபோனது.

மறுநாள் கடைக்கு எதிர்வீட்டு ஜெயராணி, மாவு இருக்கிறதா என்று செல்போனில் தட்டிப் பார்த்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் தெருவைக் கடந்து மாவு வாங்கிவந்து, மூன்று தோசையும் சுட்டுவிட்டாள். அப்போதுதான் வெப்சைட் மூச்சிரைக்க வந்து, "மாவு இருக்கு" என்றது.

அவள் திரையை அணைத்தாள்.

"நான் இருக்கிற இடம் சரியில்லையோ?" என்று வெப்சைட் கேட்டது.

"ஆமா. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாரேன்" என்றது வட்டம்.